அகன்ற வாசலும் சிறிய கதவும்

கோபிசெட்டிபாளையத்துக்கு அருகிலுள்ள கொடிவேரி அணைக்குச் செல்கிறவர்கள் தண்ணீர் விழும் அழகைப் பார்த்துவிட்டுத் திரும்புவதே வழக்கம். அந்த அணைக்குள் அடங்கியிருக்கும் யோசனையைக் கவனிப்பவர்கள் சிலர்தான். பவானி நதியின் அகலம் முழுவதையும் அங்கே மறித்து நிற்பது அசையாத கல். தடப்பள்ளி வாய்க்காலும் அரக்கன்கோட்டை வாய்க்காலும் பிரியும் இடங்களில் மட்டுமே மதகுகள் இருக்கின்றன. ஏற்றி இறக்கும் பலகைகள் அந்தச் சின்னஞ்சிறு மதகுகளுக்குத்தான் உண்டு. நதி முழுவதுக்கும் ஒரே கதவாகப் போட்டு, அதைத் தினமும் தூக்கி இறக்கலாம் என்று எவரும் யோசனை பண்ணவில்லை. எது நீளமோ அது அசையாமல் கிடக்கட்டும். எது அசைய வேண்டுமோ அது சிறியதாக இருக்கட்டும் என்பதே அந்த ஏற்பாட்டின் சாரம்.

தண்ணீர் விஷயத்தில் இவ்வளவு தெளிவாக இருக்கும் நாம், வண்டி விஷயத்தில் மட்டும் ஏனோ தடுமாறிப் போகிறோம். கொங்கு நாட்டில் இன்று நூற்பாலைகளும், அரிசி ஆலைகளும், கிட்டங்கிகளும், கல்லூரிகளும், கல்யாண மண்டபங்களும் ஊருக்கு ஊர் எழும்பியிருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஓர் அகன்ற வாசல் வேண்டியிருக்கிறது. லாரி திரும்பி நுழைய வேண்டுமல்லவா? ஆகவே 10 மீட்டர், 12 மீட்டர் என்று வாசலை விட்டுவிடுகிறார்கள். பிறகு, "வாசல் இவ்வளவு அகலம், ஆகையால் கதவும் இவ்வளவு அகலம்" என்று முடிவு கட்டி, பிரம்மாண்டமான இரும்புக் கதவு ஒன்றுக்கு ஆர்டர் கொடுக்கிறார்கள். திறப்பு விழாவன்று அது பார்க்க ஜோராகத்தான் இருக்கிறது. மூன்றாவது மழைக்காலத்தில் இரண்டு ஆட்கள் தோள் கொடுத்தாலும் நகர மாட்டேன் என்கிறது. அப்புறம் என்ன? கதவு பாதி திறந்தபடியே நிரந்தரமாக நின்றுவிடுகிறது. காவலுக்காகச் செலவழித்த பணம், காவல் இல்லாமலே போய்விடுகிறது!

இது ஏதோ பண்ணைக்காரரும் ஆலை முதலாளியும் கவலைப்பட வேண்டிய சங்கதி என்று நேயர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். நம் குழந்தைகள் படிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் வாசல் உண்டு. நாம் சிகிச்சைக்குப் போகும் ஆஸ்பத்திரிக்கும் வாசல் உண்டு. நம் வரிப்பணத்தில் நடக்கும் ஸர்க்கார் கிடங்குகளுக்கும் வாசல் உண்டு.

அகலம் பணத்தைத் தின்னும் விதம்

உலக்கையை நடுவில் பிடித்துத் தூக்குவது சுலபம். அதே உலக்கையின் ஒரு நுனியை மட்டும் பிடித்துக் கிடையாக நீட்டிப் பாருங்கள். மணிக்கட்டு கெஞ்ச ஆரம்பித்துவிடும். கீல் கதவின் கதி இதுதான். ஒரு பக்கத்துத் தூணைப் பிடித்துக்கொண்டு அது அந்தரத்தில் தொங்குகிறது. நீளம் இரண்டு மடங்கானால் கதவின் கனமும் இரண்டு மடங்காகிறது; அந்தக் கனம் தூணிலிருந்து விலகி நிற்கும் தூரமும் இரண்டு மடங்காகிறது. ஆகவே கீலின் மீது விழும் வளைவுச் சுமை நான்கு மடங்காகிறது. அதே இரும்புச் சட்டத்தை உபயோகித்தால், நுனி தொங்கிப்போகும் அளவோ பதினாறு மடங்கு! இதைச் சமாளிக்கத் தடித்த சட்டம், தடித்த சட்டத்தைத் தாங்கப் பெரிய தூண், பெரிய தூணுக்கு ஆழமான அஸ்திவாரம், எல்லாவற்றையும் அசைக்கப் பலமான மோட்டார் என்று செலவு சங்கிலித் தொடராக நீள்கிறது.

தரையில் தண்டவாளம் பதித்துத் தள்ளும் கதவுக்கு இந்தத் தொங்கல் கஷ்டம் இல்லை. அதன் சத்துரு வேறு: மண், சரளை, மழை நீர், லாரிச் சக்கரம் நசுக்கிய தண்டவாளம். அத்துடன் மற்றோர் அபாயமும் உண்டு. கதவு ஓடி முடியும் இடத்தில் அதை நிறுத்தும் முட்டுக்கட்டையும், மேலே அதைச் சாயாமல் பிடிக்கும் உருளைகளும் சரியாக இல்லாவிட்டால், கதவு தடம் விட்டுக் கழன்று அப்படியே சாயும். அடியில் காவலாளி நிற்கலாம். கதவைப் பிடித்து விளையாடும் குழந்தை நிற்கலாம். கனமான கதவு வாங்க ஆயிரக் கணக்கில் செலவழிப்பவர்கள் முட்டுக்கட்டைக்கான சிறு தொகையை மிச்சம் பிடிப்பதைப் போன்ற கொடிய சிக்கனம் வேறில்லை.

தரையைத் தொடாமல் ஒரு பக்கமாகவே தாங்கி ஓடும் கதவும் இருக்கிறது. மண்ணும் சேறும் அதை ஒன்றும் செய்யா. ஆனால் அதன் பின்பக்கத்தில் எதிர்ச்சுமைக்காக இன்னும் பாதியளவு நீளம் வேண்டும். அதற்குச் சுற்றுச்சுவர் ஓரமாக இடமும் வேண்டும்.

ரெயில்வே கேட்டில் நாம் பார்த்துப் பழகிய தூக்குக் கம்பம் எல்லாவற்றிலும் மலிவு. சில விநாடிகளில் ஏறி இறங்கும். நாள் ஒன்றுக்கு நூற்றுக் கணக்கில் வண்டி வந்து போகும் இடத்துக்கு அதைவிட உகந்தது இல்லை. ஆனால் அது "நில்" என்று சொல்லும் கையே தவிர, நிறுத்தும் சுவர் அன்று. நிற்க மனமில்லாத லாரிக்கு அது ஒரு துரும்பு. இரவில் மூடிப் பூட்டிக்கொண்டு போக வேண்டிய கிடங்குக்கு அது மாத்திரம் போதாது.

சிலர் இதைவிடவும் சிக்கனமாக, இரண்டு தூண்களுக்கிடையே ஒரு சங்கிலியைக் கட்டிவிடுகிறார்கள். பகலில் காவலாளியின் கண் முன்னே இது சரி. இருட்டில் மோட்டார் சைக்கிளில் வருகிறவனுக்குச் சங்கிலி தெரியாது. அது அவன் கழுத்துக்கோ மார்புக்கோ குறுக்கே நிற்கும். வெள்ளைத் துணியும், ஒளி எதிரடிக்கும் பட்டையும், அருகே ஒரு விளக்கும் இல்லாமல் எந்த வழிக்கும் குறுக்கே சங்கிலி கட்டக் கூடாது.

கோட்டை கட்டியவர்களின் உபாயம்

"அப்படியானால் வேகமாக வந்து மோதும் லாரியை எப்படித் தடுப்பது?" என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். 1996-ஆம் வருஷம் ஜனவரி 31-ஆம் தேதி கொழும்பு நகரில், வெடிமருந்து ஏற்றிய லாரி ஒன்று மத்திய வங்கியின் வாசலை மோதிக்கொண்டு நுழைந்து வெடித்தது. தொண்ணூறு பேருக்கு மேல் மாண்டார்கள். இத்தகைய துர்ச்சம்பவங்களுக்குப் பிறகு உலகெங்கும் மோதலைத் தாங்கும் தடைகளைப் பரீட்சை செய்து தரம் பிரிக்கும் வழக்கம் வலுப்பட்டது. அமெரிக்க முறையில், சுமார் 6,800 கிலோ எடையுள்ள லாரியை மணிக்கு 48, 64, 80 கிலோ மீட்டர் வேகங்களில் மோதவிட்டுப் பார்க்கிறார்கள். தரையிலிருந்து எழும்பும் எஃகுப் பலகை, ஆழமாக நட்ட எஃகுத் தூண் ஆகியவை இந்தப் பரீட்சையில் தேறுகின்றன. ஆனால் அவற்றின் விலையைக் கேட்டால் சாதாரண ஸ்தாபனங்களுக்கு மூர்ச்சை போட்டுவிடும்.

இங்கேதான் பழைய கோட்டை கட்டியவர்கள் நமக்குக் கைகொடுக்கிறார்கள். அவர்கள் காலத்து லாரி, யானை. மதம் ஏற்றிய யானையை ஓடவிட்டுக் கதவை முட்டச் செய்வது அந்நாளைய போர் முறை. அதைத் தடுக்க அவர்கள் கதவைப் பலப்படுத்தினார்கள். புனாவில் 1732-இல் எழுந்த சனிவார் வாடாவின் டில்லி தர்வாஜாவில் ஒவ்வொரு கதவிலும் யானையின் நெற்றி உயரத்தில் 72 இரும்பு முள்கள் இன்றும் நீட்டிக்கொண்டிருக்கின்றன. ஆனால் கெட்டிக்காரத்தனமான காரியம் வேறொன்று. கதவுக்கு நேரே நீண்ட பாதை இல்லாதபடி செய்துவிட்டார்கள். கோல்கொண்டாவில் பாலா ஹிஸார் வாசலுக்கு எதிரே ஒரு மறைப்புச் சுவர் நிற்கிறது. நம் செஞ்சிக் கோட்டையிலும் வழி வளைந்து வளைந்துதான் உள்ளே போகிறது. வளைந்து வரும் யானைக்கு ஓட்டம் எடுக்க இடமில்லை. ஓட்டம் இல்லாத யானை பாதி யானை.

இந்த உபாயத்தின் கணக்கு இன்றைய பள்ளிக்கூடப் பையனுக்கும் தெரியும். மோதும் சக்தி வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. மணிக்கு 60 கிலோ மீட்டரில் வரும் லாரியை 20 கிலோ மீட்டராக்கிவிட்டால், வேகம் மூன்றில் ஒன்று. மோதும் சக்தி ஒன்பதில் ஒன்று! எஃகுக்குக் கொடுக்கும் பணத்தில் பெரும் பகுதியை இரண்டு வளைவும், மண் நிரப்பிய சில சிமெண்டுத் தொட்டிகளும், ஒரு வேகத்தடையும் மிச்சப்படுத்திக் கொடுக்கும். வாசலுக்கு வரும் பாதையை நேராக, விசாலமாக, கண்ணாடிபோல் போட்டுவிட்டு, அதன் முடிவில் விலையுயர்ந்த தடையை நிறுத்துவது, ஓட்டைக் குடத்துக்கு வெள்ளி மூடி போடுவதற்கு ஒப்பாகும்.

பண்ணாரி வாசல்

கோபிக்கு வடமேற்கே, சத்தியமங்கலத்தைத் தாண்டிச் சுமார் 12 கிலோ மீட்டரில் பண்ணாரி இருக்கிறது. அம்மனைத் தரிசித்துவிட்டு வடக்கே திரும்பினால் வனத்துறையின் சோதனைச் சாவடி. அங்கிருந்து 27 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறித் திம்பத்தை அடைந்து, ஆசனூர் வழியாகச் சாம்ராஜ்நகர் செல்வது தேசிய நெடுஞ்சாலை. நம் பக்கத்தில் உள்ள காவல் வாசல்களில் இதைவிடப் பெரிய பொருளைக் காப்பது வேறில்லை. ஏனெனில் அதன் உட்புறத்தில் இருப்பது 2013-இல் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்ட, சுமார் 1,400 சதுர கிலோ மீட்டர் காடு.

இந்த வாசலுக்கு எந்தத் தடை ஏற்றது? எதற்கு அஞ்சுகிறோம் என்பதை முதலில் கேட்டுக்கொண்டால் விடை தானே கிடைக்கும். இங்கே மோதி நுழையும் வெடிகுண்டு லாரிக்கு யாரும் அஞ்சவில்லை. இரவில் வேகமாகப் போகும் வண்டிகள் சிறுத்தையையும் மானையும் அடித்துப் போடுகின்றன என்பது ஒரு கவலை. அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றிய லாரி வளைவில் சாய்ந்து, மலைப் பாதையையே அடைத்துவிடுகிறது என்பது இரண்டாவது. உயரமாகக் கரும்பு ஏற்றிய லாரியிலிருந்து கழிகள் சிந்துகின்றன. அந்த ருசி கண்ட யானைகள் சாலை ஓரத்தில் நின்று லாரிகளை மறித்துச் சுங்கம் வசூலிக்கின்றன என்பது மூன்றாவது.

2019 ஜனவரியில் ஈரோடு மாவட்ட ஆட்சியர் இந்தச் சாலையில் இரவுப் போக்குவரத்துக்குத் தடை அறிவித்தார். அது ஏட்டளவில் கிடந்தது. 2022 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றம் அதை அமல் நடத்தும்படி உத்தரவிட்டது. அம்மாதம் 10-ஆம் தேதி முதல் கனரகச் சரக்கு வண்டிகள் மாலை 6 மணியிலிருந்து காலை 6 மணி வரை சாவடியில் நிற்க வேண்டியதாயிற்று. பின்னர் பகலிலும் 16.2 டன் எடைக்கு மேற்பட்ட வண்டிகள் கூடாது என்று வரம்பு விதிக்கப்பட்டது.

கவனியுங்கள்: மூன்று கவலைகள், மூன்றுக்கும் மூன்று விதமான கருவிகள். இரவில் நிறுத்த ஒரு தூக்குக் கம்பமும் ஒரு கடிகாரமும் போதும். எடையை அறிய எடை மேடை வேண்டும். குறைந்த பட்சம் சரக்குச் சீட்டையும் சக்கரங்களையும் பார்க்கத் தெரிந்த சிப்பந்தி வேண்டும். கரும்பு லாரியின் உயரத்துக்கோ, இரண்டு தூண்களும் குறுக்கே ஓர் இரும்புச் சட்டமும் கொண்ட உயரத் தடுப்பு போதும். கர்நாடக எல்லையிலுள்ள காரப்பள்ளம் சாவடியில் அத்தகைய தடுப்பை வைத்தார்கள். அதற்கு மோட்டாரும் வேண்டாம், மின்சாரமும் வேண்டாம், லஞ்சமும் செல்லாது. "கொஞ்சம் பார்த்து விடுங்கள், ஐயா" என்று இரும்புச் சட்டத்தினிடம் யாரும் கெஞ்ச முடியாதே!

ஆனால் இந்த வாசலுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. மலைக்கு அப்பால் தாளவாடி வட்டாரத்து ஜனங்கள் இருக்கிறார்கள். அவர்கள் விளைவிக்கும் காய்கறி கீழே சந்தைக்கு வர வேண்டும். அவர்கள் வீட்டில் பிரசவ வேதனை கண்டால், பெரிய ஆஸ்பத்திரி மலைக்குக் கீழேதான். 2022-இல் விவசாயிகளும் வியாபாரிகளும் தடையை எதிர்த்துக் குரல் எழுப்பியதில் நியாயமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஆம்புலன்ஸுக்கு விலக்கு உண்டு என்று உத்தரவில் எழுதியிருந்தால் மட்டும் போதுமா? முன்னால் முப்பது லாரிகள் வரிசையாக நிற்கையில் ஆம்புலன்ஸ் எந்த வழியாகக் கம்பத்தின் அருகே வந்து சேரும்? விலக்கு காகிதத்தில் இருக்கும். வண்டி வரிசையில் இருக்கும். ஆகவே தடைக் கம்பத்தின் விலையோடு, லாரிகள் ஒதுங்கி நிற்க ஒரு மைதானமும், அவசர வண்டிக்குத் தனியாக ஒரு சிறு வழியும் சேர்த்தே கணக்குப் பார்க்க வேண்டும். தடுக்க வேண்டியதைத் தடுப்பது தடையின் பாதி வேலை. விட வேண்டியதைத் தாமதமின்றி விடுவது மறு பாதி.

12 மீட்டர் வாசலுக்கு ஒரு கணக்கு

காட்டு வாசலில் கற்ற பாடத்தை நம் ஊர் ஆலை வாசலுக்குப் பொருத்திப் பார்ப்போம். வாசல் 12 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். வழக்கப்படி ஆறு மீட்டரில் இரண்டு கீல் கதவு போடுவார்கள். அதற்குப் பதிலாக இப்படிப் பிரிக்கலாம். உள்ளே வர 3.5 மீட்டர், வெளியே போக 3.5 மீட்டர். நம் சாலைகளில் ஒரு வண்டித் தடத்தின் அகலமே அதுதான், 2.6 மீட்டருக்கு மேற்படாத லாரியும் பஸ்ஸும் தாராளமாக நுழையும். இரண்டுக்கும் நடுவே 1.5 மீட்டரில் ஒரு மேடை. காவலாளியின் அறை அங்கேயே இருந்தால் இரண்டு பக்கமும் அவன் பார்வையில் இருக்கும். நடந்து வருகிறவர்களுக்கும் சைக்கிளுக்கும் ஓரத்தில் 1.5 மீட்டரில் ஒரு சிறு கதவு. லாரிக்கும் கால்நடைக்கும் ஒரே வழி இருப்பதால்தான் பல விபத்துகள் நேருகின்றன. மீதி 2 மீட்டரில், வேண்டும்போது பிடுங்கி எடுக்கக் கூடிய இரும்புத் தூண்கள். தூண்களுக்கிடையே 1.2 மீட்டருக்கு மேல் இடைவெளி இருந்தால் கார் புகுந்துவிடும் என்பதை மறக்க வேண்டாம்.

வருஷத்துக்கு ஒரு முறை பெரிய யந்திரம் வருகிறதா? தூண்களைப் பிடுங்கினால், அருகிலுள்ள தடத்தோடு சேர்ந்து 5.5 மீட்டர் வழி கிடைக்கிறது. ஒரு நாள் விசேஷத்துக்காக 365 நாளும் ஆறு மீட்டர் கதவைச் சுமப்பானேன்? ஆறு மீட்டர் கதவின் கீல் தாங்கும் சுமையில், மூன்றரை மீட்டர் கதவின் கீல் தாங்குவது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். சட்டமும் மெலியும், தூணும் மெலியும், மோட்டார் இல்லாமலே ஒரு கையால் தள்ளி மூடலாம். பகலில் தூக்குக் கம்பம். இரவில் அதன் பின்னால் பூட்டிய கதவு. இரண்டும் சேர்ந்தாலும் பழைய ஒற்றைப் பிரம்மாண்டத்தைவிடச் சுலபமாகப் பராமரிக்கலாம்.

காங்கயம், தாராபுரம் பக்கத்து மேட்டு நிலக் குடியானவர்களுக்கு இதை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. கொறங்காட்டைச் சுற்றிப் பல ஏக்கருக்குக் கிளுவை முள்வேலி போட்டு வளர்த்துவிடுகிறார்கள். அது தானே வளரும், தானே காக்கும். மாடு நுழையும் ஒரு சிறு கடவுக்கு மட்டும் படல். நாள்தோறும் கையால் தூக்கி வைப்பது அந்தப் படல் ஒன்றைத்தான்.

விலையைப் பற்றி ஒரு வார்த்தை. வாங்கும் தினத்து விலையே விலை என்று எண்ணக் கூடாது. மின்சாரம் நின்றால் கையால் திறக்க வழி இருக்கிறதா? தீயணைப்பு வண்டி வந்தால் கதவு சுவரோடு சுவராக மடங்கி வழி விடுமா? ஒரு பல்சக்கரம் தேய்ந்தால் அது எங்கே கிடைக்கும்? கடல் தாண்டி வர வேண்டிய உறுப்புக்காக மூன்று மாதம் கதவு திறந்து கிடப்பதைக் காட்டிலும், கோயமுத்தூர்ப் பட்டறையில் மறு நாளே செய்து தரும் எளிய கதவு உயர்ந்தது. மோட்டாரும் பம்பும் செய்து நாடெங்கும் அனுப்பும் ஊர், நமக்கு ஒரு கதவு செய்து தராதா?

கதவருகே நிற்பவர்

எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு சங்கதி. 2001-ஆம் வருஷம் டிஸம்பர் 13-ஆம் தேதி, டில்லியில் நமது பாராளுமன்றத்தின் மதிலுக்குள் கொலைகாரர்கள் நுழைந்தது எப்படி? கதவை உடைத்துக்கொண்டு அல்ல. உள்துறை அமைச்சகத்தின் அடையாளச் சீட்டைப்போல் போலியாக ஒன்று அச்சடித்து, வெள்ளை அம்பாசிடர் காரின் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு வந்தார்கள். வாசல் அவர்களுக்கு வழி விட்டது. பிறகு நடந்த சண்டையில் காவலர்கள் உயிரைக் கொடுத்துக் கட்டிடத்தின் கதவுகளை அடைத்துத் தேசத்தின் மானத்தைக் காத்தார்கள்.

இரும்பு ஏமாறுவதில்லை, ஆனால் இரும்பைத் திறக்கும் மனிதன் ஏமாறலாம், அயரலாம், பயப்படலாம். பன்னிரண்டு மணி நேரம் ஒற்றை ஆளாக, வெயிலில் நிழலும் மழையில் கூரையும் இல்லாமல் நிற்கும் காவலாளி, "பெரிய இடத்துக் கார்" என்று கண்டதும் கம்பத்தைத் தூக்கிவிடுவதில் ஆச்சரியம் என்ன? சந்தேகப்பட்டு நிறுத்தியதற்காக ஒரு தரம் வசவு வாங்கியவன், மறு தரம் யாரையும் நிறுத்த மாட்டான்.

ஆகவே வாசலுக்குத் தடை வாங்கப் போகும் கமிட்டிக்காரர்கள், விலைப் பட்டியலைக் கையில் எடுக்குமுன் ஒரு நாள் முழுவதும் அந்த வாசலில் உட்கார்ந்து பார்க்கட்டும். எத்தனை லாரி, எத்தனை சைக்கிள், எத்தனை பெண்களும் குழந்தைகளும், எந்த நேரத்தில், எந்த வேகத்தில் வருகிறார்கள் என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொள்ளட்டும். பிறகு வாசலைக் குறுக்கட்டும்; வழியை வளைக்கட்டும்; அசையும் பாகத்தைச் சிறிதாக்கட்டும். அதில் மிஞ்சும் பணத்தில் காவலாளிக்கு ஓர் அறையும், ஒரு நல்ல விளக்கும், மாற்றுக்கு இன்னோர் ஆளும் வைக்கட்டும். அவன் நிறுத்தச் சொன்னால் ஸ்தாபனத் தலைவரின் காரும் நிற்கும் என்று ஒரு விதி செய்துவிட்டால், அதற்குக் காலணாச் செலவு கிடையாது. அதைவிடப் பலமான தடையும் கிடையாது.